மடக்கு ஸ்டூலும் மூன்று நாளும்

வாழ்க்கையில் என்னைத் தொடர்ந்து மூன்று நாள் வியர்க்க வைத்தவர் போலீஸ்காரரோ வருமானவரி அதிகாரியோ இல்லை. மடக்கு ஸ்டூல் ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு என் தையல் கடைக்கு நடந்தே வந்த, அறுபது தாண்டிய ஓர் அம்மா. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் சைனிக்புரியிலிருந்து கொண்டாப்பூர் வரைக்கும் பத்துக் கடைக்காரர்கள் "எங்க கடையிலயும் உட்கார்ந்தாங்களே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள்.

ஹைதராபாத்தில் சாஃப்ட்வேர் கம்பெனிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்த சமயம் அது. அவர்கள் பின்னாலேயே இட்லி மாவும் இஸ்திரிப் பெட்டியும் தையல் மெஷினுமாக நாங்களும் வந்து இறங்கினோம். எங்களைப் போன்றவர்களுக்காகப் பழைய தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து ஒரு நிதி நடத்தின. மாதா மாதம் ஆளுக்கொரு தொகை போடுவார்கள். கடை வைத்திருப்பவர் கேட்டால் சொற்ப வட்டிக்குக் கொடுப்பார்கள். ஆனால் பணம் வருவதற்கு முன்னால் அந்த அம்மா வருவார்.

ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்தவர். ஒரு உதிரிப்பாகத்தைக் கையில் வாங்கி, அளந்து, தேறும் தேறாது என்று பிரித்து வைப்பது வேலை. ஓய்வு பெற்றதும் உதிரிப்பாகங்களை விட்டுவிட்டு எங்களைக் கையில் எடுத்துக்கொண்டார். கடன் கேட்டவரின் கடையில் மூன்று நாள், காலை பத்து மணியிலிருந்து நாலு மணி வரை உட்காருவார். கூடவே ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், ஒரு சின்ன நோட்டு. கைக்கடிகாரத்தை முகப்பு உள்பக்கம் இருக்கும்படி கட்டியிருப்பார். எப்போது மணி பார்க்கிறார் என்று நமக்குத் தெரியவே தெரியாது.

டீ கொடுத்தால் வாங்க மாட்டார். "தீர்மானம் ஆகட்டும்" என்பார். தண்ணீர்கூட அவர் பாட்டிலிலிருந்துதான். விருந்தாளியை வெறும் வாயோடு உட்கார வைத்துவிட்டு வேலை பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

வேலூர்ப் பக்கத்துக்காரர். கல்யாணமாகி ஹைதராபாத் வந்து நாற்பது வருடம் ஆகிவிட்டதால் பேச்சில் எல்லாம் கலந்து கிடக்கும். வேண்டாம் என்பதற்கு "நக்கோ". ஆமாம் என்பதற்கு "ஹவ்". நக்கோவை நாங்கள் எல்லோருமே கேட்டிருக்கிறோம். ஹவ் கேட்டவர்கள் எண்ணிக்கையில் குறைவு.

பேகம்பேட்டில் மெஸ் நடத்திய ஒருவர் பக்கத்துக் கடையையும் எடுத்துப் பெரிதாக்கக் கடன் கேட்டிருந்தார். அம்மா மூன்று நாள் அடுப்படி வாசலில் உட்கார்ந்து, சாப்பாடு பரிமாறுவதைப் பார்க்காமல், குப்பைத் தொட்டியைப் பார்த்தாராம். கடைசி நாள், "பதினாலு அயிட்டம் போடற. அதுல அஞ்சு தினம் தொட்டிக்குப் போகுது. எது எதுன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். மெஸ்காரருக்குத் தெரியவில்லை. "பக்கத்துக் கடை நக்கோ. அந்த அஞ்சை நிறுத்து" என்று சொல்லிவிட்டு ஸ்டூலை மடக்கிவிட்டார். ஒரு மாதம் திட்டித் தீர்த்த மெஸ்காரர், பிறகு நிறுத்திப் பார்த்தார். இரண்டாவது வருடம் நிதியிடம் கையேந்தாமலே பக்கத்துக் கடையைப் பிடித்தார். "இன்னைக்கும் அந்தம்மா மேல எனக்குக் கோபம்தான்" என்று சொல்லிக்கொண்டே சாம்பார் ஊற்றுவார்.

கொண்டாப்பூரில் இட்லி மாவு அரைத்து விற்ற அக்கா ஒருத்தி மூன்று தடவை நக்கோ வாங்கியவள். பெரிய கிரைண்டர் வேண்டும் என்று மே மாதம் போய்க் கேட்டாள். அம்மா பார்த்துவிட்டு, "வெயில் காலத்துல எல்லார் மாவும்தான் பொங்கும். டிசம்பர்ல உன் மாவு பொங்கட்டும், அப்புறம் வா" என்று அனுப்பிவிட்டார். மதுரைப் பக்கத்து வெயிலில் கற்றுக்கொண்ட கைப்பக்குவம் ஹைதராபாத் குளிருக்கு ஒத்துவராது என்பது அந்த டிசம்பரில்தான் அக்காவுக்குப் புரிந்தது. நான்காவது தடவைதான் கிரைண்டர் கிடைத்தது.

இதெல்லாம் கேட்கச் சிரிப்பாக இருக்கும். சிரிப்பு வராத கதை ஒன்றும் உண்டு. அதை மெஸ்காரர்தான் எனக்குச் சொன்னார்.

ஆரம்பத்தில் அம்மா ஸ்டூலெல்லாம் கொண்டுபோனதில்லை. ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவார், அவ்வளவுதான். அப்படி ஒரு வெல்டிங் கடைக்குப் போனபோது தண்டல்காரன் வந்து வசூல் பண்ணிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறார். தினமும் வந்து வசூலிக்கிற, வட்டி பிழிந்தெடுக்கிற கடன். பாவம், சின்னப் பிள்ளைகள் வைத்திருக்கிறான் என்று இரக்கப்பட்டு நிதிக் கூட்டத்தில் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். நிதி கொடுத்த பணம் முழுக்கத் தண்டலுக்கே போனது. ஆறு மாதத்தில் அந்த ஆள் கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு எங்கேயோ போய்விட்டார். ஜாமீன் நின்ற இரண்டு பேர் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் அம்மாவே ஒரு விதி எழுதிக் கொண்டுவந்தார். தண்டல் இருக்கிறவருக்கு நிதியில் கடன் கிடையாது.

"அன்னையில இருந்துதான் சார் அந்த ஸ்டூல்" என்றார் மெஸ்காரர். நான் சட்டென்று பேச்சை மாற்றினேன். ஏனென்றால் என் கடைக்கும் தினம் பதினொரு மணிக்கு ஒருவன் வந்துகொண்டிருந்தான்.

எனக்குத் திருப்பூர்ப் பக்கம். சைனிக்புரிக்கு அருகில் கடை. இரண்டு தெலுங்குப் பெண்கள் தைப்பார்கள், நான் வெட்டுவேன், என் மனைவி மீதி எல்லாம் செய்வாள். கடை அட்வான்ஸை ஏற்றிவிட்டார்கள் என்று முந்தின வருடம் பணம் தேவைப்பட்டது. அப்போதே நிதியில் கேட்டிருக்கலாம். ஆனால் ஊரில் என் மச்சானிடம் 'சொந்த கார்மெண்ட்ஸ் யூனிட்' என்று அளந்துவிட்டிருந்தேன். தமிழர்களிடம் கடன் கேட்டால் அடுத்த தீபாவளிக்குள் செய்தி திருப்பூர் போய்ச் சேர்ந்துவிடும். முகம் தெரியாத ஆளிடம் வாங்கினால் யாருக்கும் தெரியாது என்று தண்டல்காரனிடம் போய் விழுந்தேன். வட்டி எவ்வளவு ஆனாலும் மானம் போகாது என்று கணக்குப் போட்டேன். என்னைப் போல வெளியூர் வந்து பிழைக்கிற மூடர்கள் பலர் போடுகிற கணக்கு அது.

அந்த ஏப்ரலில் கொண்டாப்பூரில் புதிதாகத் திறக்கிற பள்ளிக்கூடம் ஒன்று நானூறு செட் யூனிஃபார்ம் தைக்கக் கேட்டது. துணி அவர்களே கொடுப்பார்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் தைத்துத் தர வேண்டும். தவறினால் கூலியில் பாதி கிடையாது. எனக்கு வந்ததிலேயே பெரிய வேலை. கையில் இருந்த மெஷின்களை வைத்துக்கொண்டு முடிக்கவே முடியாது. இன்னும் இரண்டு தையல் மெஷின் வாங்க நிதியில் கடன் கேட்டேன். தண்டலைப் பற்றி மூச்சு விடவில்லை.

தண்டல்காரனைப் பிடித்து, மூன்று நாளைக்கு மட்டும் சாயங்காலம் வரும்படி கெஞ்சினேன். மோசமான ஆள் இல்லை. என்னை 'அன்னா' என்பான், சட்டைப் பையில் வரவு எழுதும் அட்டையைச் செருகிக்கொண்டு ஸ்கூட்டரில் வருவான். சரி என்று தலையாட்டினான்.

முதல் நாள் பத்து மணிக்கு அம்மா வந்தார். கத்தரி போடும் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூலை விரித்தார்.

"நீ உன் வேலையைப் பாரு தம்பி. நான் இல்லன்னு நெனச்சுக்க."

எப்படி நினைப்பது? அன்றைக்கு மட்டும் இரண்டு காலரைத் தப்பாக வெட்டினேன். தைக்கிற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நாலு மணிக்கு அம்மா எழுந்து போனார். அஞ்சு மணிக்குத் தண்டல்காரன் வந்தான். தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டேன்.

இரண்டாவது நாள் நாலு மணி ஆயிற்று, நாலரை ஆயிற்று. அம்மா எழுந்திருக்கவில்லை. "இன்னைக்குக் கடை சாத்தற வரைக்கும் இருக்கேன்" என்றார். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மனைவியிடம் கண்ணைக் காட்டினேன். அவள் "வெள்ளை நூல் தீந்துருச்சுங்க, வாங்கீட்டு வந்தர்றேன்" என்று பையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினாள். ஸ்கூட்டரை அங்கேயே மறித்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அரை மணி கழித்து வெறும் பையோடு திரும்பி வந்தாள்.

"நூல் கெடைக்கலையா?" என்று அம்மா கேட்டார்.

"கடை... சாத்தியிருந்துதுங்க."

அம்மா தலையைத் திருப்பி அலமாரியைப் பார்த்தார். அதில் வெள்ளை நூல் கண்டுகள் ஒரு டஜன் வரிசையாக இருந்தன. நோட்டில் ஏதோ எழுதினார். அது என்னவென்று எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டி, பிறகு வெட்கப்பட்டு உள்ளே இழுத்துக்கொண்டேன்.

கடை சாத்தியதும் மனைவி சொன்னாள். "அவிங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. நாமளே சொல்லீர்லாம்."

"சொன்னா கடன் இல்லை. கடன் இல்லைன்னா ஸ்கூல் ஆர்டர் இல்லை. சும்மா இரு."

"அவன் நாளைக்குப் பதினொரு மணிக்குத்தான் வருவானாமுங்க. சாயங்காலம் வேற ஏரியா வசூலாம்."

அன்று நாங்கள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாவது நாள் பத்தரையிலிருந்தே என் காது ஸ்கூட்டர் சத்தத்துக்குத் திறந்திருந்தது. மனைவி தெருமுனையில் போய் நின்றாள். அவன் அன்றைக்கென்று பின்பக்கச் சந்து வழியாக வந்து இறங்கினான். நேராக உள்ளே வந்து அம்மாவின் ஸ்டூலுக்கு முன்னால் நின்று சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுக்கப் போனான்.

எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ, "சார், உங்க பேண்ட் இன்னும் ரெடியாகல, நாளைக்கு வாங்க" என்று தெலுங்கில் கத்தினேன்.

அவன் திகைத்துப் போனான். "ஏம் பேண்ட் அன்னா?" என்றான், என்ன பேண்ட் என்று புரியாமல். பிறகு ஸ்டூலைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். தொழில்காரன், புரிந்துகொண்டான். "சரே அன்னா, ரேப்பு வஸ்தா. ரெண்டு பேண்ட்லு ரெடிகா பெட்டு" என்றான். நாளைக்கு வருகிறேன், இரண்டு பேண்ட்டையும் தயாராக வை என்று அர்த்தம். எனக்கு மட்டும் தெரிந்தது, அது இரண்டு நாள் பணம் என்று. ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

அம்மா அவன் போன திசையைப் பார்த்தார். ஹெம்மிங் பண்ணுகிற பெண்ணைப் பார்த்தார். எங்கள் கடை பள்ளிக்கூட யூனிஃபார்மும் பிளவுஸும் தைக்கிற கடை. பெரிய ஆண்களுக்குப் பேண்ட் தைத்ததாகப் பலகையிலும் இல்லை, அலமாரியிலும் இல்லை. அன்று அவர் நோட்டில் எழுதவே இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

சாயங்காலம் ஸ்டூலை மடக்கினார். "ஞாயித்துக்கெழமை ஹாலுக்கு வா. நான் பார்த்ததை நான் சொல்றேன். நீ சொல்ல வேண்டியதை நீ யோசிச்சுக்க."

அவர் மேல் எனக்கு வந்த வெறுப்பை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் கிடக்காமல் என் அடிவயிற்றில் வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாரே என்று மூன்று நாளும் மனதுக்குள் கருவினேன்.

ஞாயிறு காலை காலனி ஹாலில் நிதிக் கூட்டத்துக்கு முப்பது பேர் இருப்பார்கள். கடன் கேட்பவர் முன்னால் நிற்க வேண்டும். எனக்குப் பின்னால் மனைவி நின்றாள். செயலாளர் என் மனுவைப் படித்தார். பிறகு அம்மா நோட்டோடு எழுந்தார்.

"ரெண்டு தையல் மெஷின் கேக்கறார். நக்கோ" என்றார்.

"இவர் கடையில தையல் தாமதமில்ல. சட்டை தைச்சு முடிஞ்சதும் காஜா எடுக்க வெளியே போகுது. பட்டனுக்குத் துளை போடற வேலை, அதுக்கு இவர்கிட்ட மெஷின் கிடையாது. இவர் சம்சாரம் மூட்டையைத் தூக்கிட்டு பஸ்ல செகந்திராபாத் போறா. அது திரும்பி வர ரெண்டு நாள். மே மாசம் ஊர்ல இருக்கற டெய்லர் எல்லாம் அங்கதான் நிப்பான், அப்போ அஞ்சு நாள் ஆகும். இன்னும் ரெண்டு மெஷின் வாங்கினா, காஜாவுக்குக் காத்திருக்கற சட்டைதான் அதிகமாகும். வாங்க வேண்டியது ஒரே ஒரு காஜா மெஷின். கோடையில தினம் எத்தனை மணிக்குக் கரண்ட் போகும்னுதான் தெரியுமே, அதுக்கு முன்னால காஜா. கரண்ட் இல்லாத நேரத்துல கையால பட்டன். நானூறும் முடிஞ்சுடும்."

நான் வாயைப் பிளந்தேன். மூன்று வருடமாக என் மனைவி தூக்கிச் சுமந்த மூட்டை என் கண்ணில் பட்டதே இல்லை. மூன்றே நாள் உட்கார்ந்தவர் அதைப் பார்த்துவிட்டார். அந்த நிமிடம் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆனால் அதை அனுபவிக்க நேரம் கிடைக்கவில்லை.

செயலாளர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "வேற கடன், தண்டல் ஏதாவது பார்த்தீங்களாம்மா?"

அம்மா நோட்டை மூடினார். "அதை அவரைக் கேளுங்க" என்றார்.

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை மடக்குகிற பார்வையாக இருந்திருந்தால் பொய் சொல்லியிருப்பேன். பின்னாலிருந்து மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இருக்குதுங்க" என்றேன். "தண்டல் இருக்குதுங்க. இன்னும் பாதிக்கு மேல கட்டோணும். ஊர்ல தெரிஞ்சா அசிங்கம்னு மறைச்சுட்டேனுங்க."

ஹாலில் சலசலப்பு எழுந்தது. செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "விதி விதிதான். அடுத்த மனு யாருது?" என்று கேட்டார். பள்ளிக்கூடம், நானூறு செட், எல்லாம் என் கண் முன்னால் கைநழுவிப் போயின. திரும்பி நடக்க ஆரம்பித்தேன்.

"இருங்க" என்றார் அம்மா. "அந்த விதியை எழுதினது யாரு?"

"நீங்கதாம்மா."

"எதுக்கு எழுதினேன்? வெல்டிங் கடைக்காரனை அன்னைக்கு நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அவனும் இதே மாதிரி நின்னு சொல்லியிருப்பான். நான் கேக்கல. நல்லவளா இருக்கறதா நெனச்சுக்கிட்டு பேசாம வந்துட்டேன். அவன் குடும்பம் எங்க இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது." ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "மறைக்கறவனுக்காக எழுதின விதி அது. சொன்னவனை வெளியே தள்ள நான் எழுதல. முதல்ல நிதி இவர் தண்டலை அடைக்கட்டும். பணம் இவர் கைக்கு வேண்டாம், நேரா அவன் கைக்கு. அப்புறம் காஜா மெஷின். ரெண்டையும் சேர்த்து இவர் நமக்குக் கட்டட்டும்."

"ஜாமீன் ரெண்டு பேர் வேணுமே. இதைக் கேட்ட பிறகு யார் நிப்பாங்க?" என்றார் செயலாளர்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் பேகம்பேட் மெஸ்காரர் கையைத் தூக்கினார். இன்னொரு கை எழவில்லை. செயலாளர் பேனாவை மூடப் போனார்.

"நான் நிக்கிறேன்" என்று கடைசி வரிசையிலிருந்து மாவுக்கார அக்கா எழுந்தாள். "அவரை எனக்குத் தெரியாது. என்னை மூணு தடவை நக்கோன்னு தொரத்தின இந்தம்மா ஒருத்தருக்குப் பரிஞ்சு பேசி நான் பார்த்ததில்ல. எனக்கு அது போதும்."

செயலாளர் அம்மா பக்கம் திரும்பினார். "அப்போ கொடுக்கலாமா?"

"ஹவ்" என்றார் அம்மா.

யூனிஃபார்ம் கதையை முடித்துவிடுகிறேன். பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் நானூறாவது செட்டை மடித்துக் கொடுத்தோம். அதற்கப்புறம் மனைவி செகந்திராபாத் பஸ்ஸில் மூட்டை தூக்கவில்லை. மற்ற டெய்லர்கள் எங்களிடம் காஜாவுக்கு வர ஆரம்பித்தார்கள். மச்சானுக்கும் விஷயம் தெரிந்தது. இரண்டு தீபாவளி கிண்டல் பண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

ஆனால் அந்த வருடம் நிதிக் கடனுக்குப் பிறகு என் கடையில் முதலில் தைத்தது யூனிஃபார்ம் இல்லை.

கூட்டத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை, பத்தே முக்காலுக்கு அம்மா கடைக்கு வந்து அதே இடத்தில் ஸ்டூலை விரித்தார். மடியில் ஒரு கவர். பதினொரு மணிக்குத் தண்டல்காரன் வந்தான், அவரைப் பார்த்ததும் வாசலிலேயே தயங்கி, "பேண்ட் ரெடியா அன்னா?" என்று சன்னமாகக் கேட்டான்.

"உள்ள வா நாய்னா" என்றார் அம்மா. கவரைக் கொடுத்தார். அவன் எண்ணி முடித்ததும் அட்டையை வாங்கி, குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்து வாங்கினார். அதை என்னிடம் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் கிளம்பத் திரும்பினான்.

"எங்க போற? நில்லு" என்றார் அம்மா. பிறகு என்னைப் பார்த்தார். "டேப்பை எடு தம்பி. அளவு எடு."

"என்ன அளவுங்கம்மா?"

"முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவ முன்னாடி, இவனுக்குப் பேண்ட் பாக்கின்னு சொன்னியே, இவனும் ரெண்டுன்னானே. வாயால சொன்ன சரக்கைக் கையால கொடுத்துடு. கூலி வாங்காத."

நான் மண்டியிட்டு அளவெடுத்தேன். தண்டல்காரன் கையைத் தூக்கிக்கொண்டு சிலை மாதிரி நின்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இடுப்பு முப்பத்தாறு, உயரம் நாற்பது என்று சொல்லச் சொல்ல மனைவி எழுதிக்கொண்டாள்.

அம்மா அந்த அளவை ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தண்ணீர் பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தார்.

"இப்போ டீ சொல்லும்மா" என்றார் என் மனைவியிடம். "இவனுக்கும் சேர்த்து."